கருப்பு காரில் வெள்ளைத் திட்டு, கழுவக் கழுவ அதிகமாகிறது. யாராவது வழி சொல்லுங்கள்

மடிப்பாக்கத்தான்:

வணக்கம். கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, நல்ல கருப்பு. கருப்பு வேண்டாம் சார், பராமரிக்கக் கஷ்டம் என்று விற்ற பையனே சொன்னான், நான்தான் கேட்கவில்லை. இப்போது பானெட், டிக்கி, கூரை, கண்ணாடி எல்லா இடத்திலும் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு. தள்ளி நின்று பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கிறது, பக்கத்தில் போனால் யாரோ மோர் தெளித்துவிட்டுப் போன மாதிரி.

நான் கழுவுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடித்துப் பத்து பத்தரைக்கு வண்டியைத் தெருவில் எடுத்து நிறுத்துவேன், ஏனென்றால் அபார்ட்மென்டுக்குக் கீழே இருக்கிற பார்க்கிங்கில் கழுவினால் சங்கத்தில் சண்டை வரும். ஷாம்பு போட்டுத் தேய்த்து, போர் தண்ணீரைக் குழாயில் அடித்துக் கழுவி, கடைசியாக ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரை இரண்டு வாளி சேர்த்து வைத்திருப்பேன், அதை ஊற்றி முடிப்பேன். வீணாகப் போகிற தண்ணீர்தானே, ஆர்ஓவில் வருவதால் போர் தண்ணீரை விடக் கொஞ்சம் நல்லதாகவும் இருக்கும் என்று ஒரு கணக்கு. துடைப்பது பழைய பனியன் துணி. பின்பக்கம் துடைத்துவிட்டு முன்பக்கம் வருவதற்குள் பானெட் தானாகவே காய்ந்துவிடும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் கேட்டால் "செராமிக் கோட்டிங் போட்டுடுங்க சார், அப்புறம் தண்ணியே நிக்காது" என்கிறார்கள். பெயின்ட் மேல் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பூச்சாம், 28,000 ரூபாயாம். போடலாமா? இருக்கிற திட்டு முதலில் போகுமா? எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகும் என்று மாமியார் சொல்கிறார், பயமாக இருக்கிறது.

இன்னொன்று, கூரையில் இடது பக்கம் பின்னால் மட்டும் திட்டு வேறு மாதிரி இருக்கிறது. தடிப்பாக, தடவினால் சொரசொரவென்று, ஒரே வரிசையில் ஏழெட்டு.


ஞாயிறு_வாளி:

நண்பரே, உங்கள் பதிவைப் படித்தபோது என் பழைய போட்டோவைப் பார்த்த மாதிரி இருந்தது, பத்தரை மணி வெயில், போர் தண்ணீர், பனியன் துணி, மூன்றும் நானும் செய்தவன்தான். ஷாம்பு மேல் பழி போடாதீர்கள். தண்ணீர் காரின் மேலேயே காய்கிறது, அவ்வளவுதான் விஷயம். காயாமல் பார்த்துக்கொண்டால் எந்தத் தண்ணீரில் கழுவினாலும் பாதிப் பிரச்சினை போய்விடும்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். காலை ஆறு, ஆறரை, வெயில் ஏறுவதற்கு முன்னால். சென்னை வெயிலில் நிற்கிற கருப்பு பானெட் 60 டிகிரிக்கு மேல் போகும், அதில் தண்ணீர் ஊற்றுவது தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற கதைதான். ஓட்டிக்கொண்டு வந்ததும் கழுவாதீர்கள், கையை வைத்துப் பார்த்து பானெட் ஜில்லென்று இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள்.

டயர், வீல் முதலில். அப்புறம் கூரையிலிருந்து கீழே. முழு காருக்கும் ஒரேயடியாக நுரை போட்டுவிட்டு அலசலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கத்தை உடனே அலசிவிட்டு அடுத்தது. நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள், இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடைசி அலசலில்தான் சூட்சுமம் இருக்கிறது. குழாய் முனையில் மாட்டுகிற கன்னைக் கழற்றிவிடுங்கள். பீய்ச்சி அடித்தால் ஆயிரம் துளியாக உடைந்து அங்கங்கே உட்காரும். வெறும் குழாயைக் கூரையின் மேல்பக்கத்தில் பிடித்து மெதுவாக ஓடவிட்டால் தண்ணீர் ஒரே போர்வையாக இறங்கி, போகும்போது மற்ற துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். துடைக்க வேண்டிய தண்ணீர் பாதியாகக் குறைந்துவிடும்.

பனியனைத் தூக்கிப் போடுங்கள். தண்ணீரை உறிஞ்சுகிற பெரிய மைக்ரோஃபைபர் துண்டு, கார் துடைப்பதற்கென்றே கனமாக வருகிறது, இரண்டு வாங்குங்கள். தேய்க்க வேண்டாம், பானெட் மேல் விரித்துப் போட்டு ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். எல்லாம் முடிந்ததும் கதவு, டிக்கி எல்லாவற்றையும் திறந்து மூடி, தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். பக்கக் கண்ணாடிக்குள்ளும் கைப்பிடிக்குள்ளும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கிற தண்ணீர் அப்போதுதான் கோடு கோடாக வெளியே வரும். அதையும் துடைத்தால் முடிந்தது. கதவில் கீழ்நோக்கி நீளமாகக் கறை விழுவதெல்லாம் இந்தத் தண்ணீரால்தான்.


சோதனைக்குழாய்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஆர்ஓ தண்ணீர் விஷயத்தை யாரும் தொடவில்லையே! தயவுசெய்து அதை நிறுத்துங்கள், உங்கள் கணக்கு அப்படியே தலைகீழ்.

ஆர்ஓ மெஷின் உப்பை அழிப்பதில்லை, பிரிக்கிறது. குடிக்கிற பக்கம் உப்பு குறைந்து வருகிறது என்றால் அந்த உப்பெல்லாம் வெளியே போகிற தண்ணீரில்தான் போய்ச் சேரும். அதனால் அந்தக் கழிவு நீர் உங்கள் போர் தண்ணீரை விட உப்பானது. தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற நல்லது. காருக்குக் கடைசியாக அதை ஊற்றுவது, குளித்து முடித்துவிட்டு மறுபடி சேற்றைப் பூசிக்கொள்கிற மாதிரி.

தண்ணீரில் கரைந்திருக்கிற மொத்த உப்பை, அதாவது டிடிஎஸ்ஸை, அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள், ஆன்லைனில் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. உங்கள் தண்ணீர் 1,500 என்று வைத்துக்கொள்வோம். அலசி முடித்ததும் காரில் அரை லிட்டர் தங்கியிருந்தால் அது காயும்போது முக்கால் கிராம் உப்பு காரிலேயே நிற்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு சிட்டிகை உப்பை எடுத்துக் கார் மேல் தூவினால் எப்படியோ அப்படி.

அந்த உப்பில் இரண்டு ஜாதி. சோடியம் உப்பு தண்ணீரில் கரையும், மறுபடி கழுவினால் போய்விடும். கால்சியம், மெக்னீசியம்தான் தொல்லை. தண்ணீரில் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது காயும்போது கார்பனேட்டாக மாறிவிடும், அதாவது சுண்ணாம்பு. கெய்சர் காயிலில் படிகிறதே அதே சாமான். அது அப்புறம் தண்ணீருக்கும் ஷாம்புவுக்கும் மசியாது, லேசான அமிலம்தான் வேண்டும்.

அதற்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர் போதும். வினிகர் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு. காரைக் கழுவி, நிழலில், சூடு இல்லாதபோது, துணியை நனைத்துத் திட்டின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். மெதுவாகத் துடையுங்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசி, அந்த இடத்தை ஷாம்பு போட்டு இன்னொரு தடவை கழுவுங்கள். வினிகரைக் காரின் மேல் காயவிடக் கூடாது. முதலில் டிக்கிக்குக் கீழே கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். போகவில்லை என்றால் இன்னொரு தடவை செய்யலாமே தவிர, அழுத்தித் தேய்க்கவோ வினிகரை அதிகமாக்கவோ வேண்டாம். சில பாறைப் பகுதி போர் தண்ணீரில் சிலிக்காவும் இருக்கும், அது வினிகருக்கு அசையாது.

மாமியார் சொன்ன எலுமிச்சையும் இதே தத்துவம்தான், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பழத்தை நேராகத் தேய்த்தால் எவ்வளவு அமிலம் போகிறது என்பது நம் கையில் இல்லை, தோலில் ஒட்டிய மண் கீறலும் போடும்.


பழைய_டீசல்:

அமிலம் என்று பேச்சு வந்துவிட்டதால் என் முட்டாள்தனத்தையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

பத்து வருடத்துக்கு முன்னால், வெள்ளிக் கலர் வண்டி. கண்ணாடியில் உப்புக் கறை, எதற்கும் போகவில்லை. பாத்ரூம் டைல்ஸுக்கு ஊற்றுகிற ஆசிட்டில் பத்து மடங்கு தண்ணீர் கலந்தால் ஒன்றும் ஆகாது என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், அவர் ஏதோ கெமிக்கல் கம்பெனியில் இருந்தவர், நம்பினேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது வழிந்து கீழே இருந்த குரோம் பட்டையில் இறங்கியதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் பட்டை முழுக்க பால் ஊற்றின மாதிரி மங்கிப்போய், ஒரு மாதத்தில் புள்ளி புள்ளியாகப் பொத்துக்கொண்டது. வண்டியை விற்கிற வரைக்கும் அந்தப் பட்டை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோம், அலாய் வீல் எதையும் விடாது. தண்ணீர் கலந்தாலும் வேண்டாம். பெயர் தெரியாத பாட்டிலில் "வீல் கிளீனர்" என்று விற்பதில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமில வகையறா இருக்கும், அது வண்டிக்கு மட்டுமல்ல, கைக்கும் ஆபத்து, தோலுக்குள் இறங்கும். என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதாத எதையும் தொடாதீர்கள் தம்பி.


மெருகுக்கடை:

நான் டீடெய்லிங் கடை, அதாவது காரைச் சுத்தம் செய்து மெருகேற்றுகிற கடை வைத்திருக்கிறேன், செராமிக் கோட்டிங் விற்பவன், அதனால் இதை நான் சொன்னால்தான் சரியாக இருக்கும். தண்ணீர்த் திட்டு வராமல் இருக்க செராமிக் போடுங்கள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கோட்டிங் போட்ட பெயின்டில் தண்ணீர் தாமரை இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நிற்கும். ஓடுகிறவரை அழகு. நிற்கிற துளி நிற்கிற இடத்திலேயே காய்ந்தால் உப்பு முழுக்க அந்தச் சின்ன வட்டத்துக்குள் குவிந்து, முன்னை விடத் தெளிவாகத் தெரியும். உங்கள் பத்தரை மணி வெயிலில் போர் தண்ணீரோடு செராமிக் காரைக் கழுவினால் ஆறு மாதத்தில் கோட்டிங் மேலேயே திட்டு வரும், அப்புறம் எனக்கு போன் போட்டுத் திட்டுவீர்கள். அதனால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. திட்டு விழுந்தாலும் முதல் அடி கோட்டிங்குக்கு, பெயின்டுக்கு இல்லை, கழுவுவதும் துடைப்பதும் சுலபம். ஆனால் பழக்கத்தை மாற்றாமல் பணத்தை மட்டும் கொடுத்தால் தீராது.

இன்னொரு முக்கியமான விஷயம். திட்டு இருக்கிற பெயின்ட் மேல் கோட்டிங் போட்டால் அந்தத் திட்டைக் கண்ணாடிக்குள் பிரேம் போட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். முதலில் பெயின்டைச் சரிசெய்ய வேண்டும்.

வினிகர் போட்டும் போகாத வட்டம் இருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால் இன்னும் உப்புதான், வழவழப்பு ஸ்ப்ரே நிறைய அடித்து கிளே பார் (பெயின்டில் ஒட்டியதை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி) தேய்த்தால் வரும். வழவழவென்று இருந்தும் கண்ணுக்கு வட்டம் தெரிந்தால் அது கிளியர் கோட்டுக்குள், அதாவது கலருக்கு மேல் இருக்கிற நிறமில்லாத பூச்சுக்குள், அரித்து இறங்கிவிட்டது. அதற்கு பாலிஷ்தான். கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் எடுக்கும், திரும்ப வராது. அதனால் கடைக்குப் போனால் தடிமன் அளக்கிற மீட்டர் வைத்து அளந்துவிட்டு ஆரம்பிக்கிறார்களா, சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்ஷன் மெஷினில் போடுகிறார்களா என்று பாருங்கள். கம்பளி பஃப் மாட்டி ரப்பிங் போடுகிற இடத்தில் கருப்பு காரைக் கொடுத்தால் திட்டு போய், வெயிலில் சுற்றுச் சுற்றாகக் கோடு தெரியும். அது திட்டை விட மோசம்.

கண்ணாடிக்குத் தனி வழி. சீரியம் ஆக்சைடு பாலிஷ் கண்ணாடிக்கென்றே இருக்கிறது, அதைப் பெயின்டில் போடாதீர்கள், பெயின்ட் பாலிஷைக் கண்ணாடியில் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.


சிறுவாணி_ஏக்கம்:

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் பத்து வருடம் இருந்தேன். சோப்பு போட்டால் எவ்வளவு ஊற்றினாலும் வழுக்கிக்கொண்டே இருக்கும், அப்படி ஒரு மென்மை. காரைக் கழுவி அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன், ஒரு புள்ளி இருக்காது. வேலை மாறி போர் தண்ணீர் வீட்டுக்கு வந்த முதல் மாதமே கார் சலவைக்காரர் கல் மாதிரி ஆகிவிட்டது. சாஃப்ட்னர் வைத்தேன், திட்டு வருவது நிற்கவில்லை, ஆனால் ஈரத் துணியில் துடைத்தாலே போய்விடுகிறது. இது ஏன் என்று சோதனைக்குழாய் சார்தான் சொல்ல வேண்டும்.


சோதனைக்குழாய்:

சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். மொத்த உப்பு குறையாது, டிடிஎஸ் மீட்டரில் கிட்டத்தட்ட அதே எண்தான் காட்டும். ஆனால் சோடியம் உப்பு தண்ணீரில் கரைகிற ஜாதி, அதனால்தான் ஈரத் துணிக்கே போகிறது.

மடிப்பாக்கம் நண்பருக்கு: கூரையில் ஒரே வரிசையில் தடிப்பாக ஏழெட்டு என்று எழுதியிருந்தீர்களே, அதை மறந்துவிட்டோம். அது கழுவுகிற தண்ணீரால் வந்தது மாதிரித் தெரியவில்லை. பார்க்கிங்கில் கார் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே கான்கிரீட் தளத்தைப் பாருங்கள். ஈரமோ வெள்ளைக் கசிவோ இருக்கிறதா? மேல் வீட்டு பாத்ரூம் கசிந்து கான்கிரீட் வழியாக ஊறி வருகிற தண்ணீர் சிமென்டில் இருக்கிற சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டும். புதிதாகச் சொட்டும்போது அதன் பிஹெச் 12 பக்கம் இருக்கும், அதாவது கடும் காரம், போர் தண்ணீர் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு நாள் விட்டாலே பெயின்டை அரித்துவிடும்.


மடிப்பாக்கத்தான்:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு ஞாயிறு போன பிறகு எழுதுகிறேன்.

மீட்டர் வாங்கினேன். போர் தண்ணீர் 1,640. ஆர்ஓ கழிவு 2,130! வெட்கமாக இருந்தது, எட்டு மாதமாக அதைத்தான் பாசத்தோடு ஊற்றிக்கொண்டிருந்தேன். மீட்டர் கையில் வந்ததும் வீட்டில் இருக்கிற எல்லாவற்றிலும் விட்டுப் பார்த்தாயிற்று. கேன் தண்ணீர் 60. படுக்கையறை ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் 14. ஏசி போட்டால் ஒரு ராத்திரியில் ஒரு வாளிக்குப் பக்கம் சேருகிறது, இத்தனை நாள் அது கீழே செடித் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது முறை இது. சனி ராத்திரி ஏசித் தண்ணீரைப் பிடித்து, தூசி இருப்பதால் துணியில் வடிகட்டி, செடிக்கு மருந்தடிக்கிற கை ஸ்ப்ரேயரில் ஊற்றி வைக்கிறேன். காலை ஆறு மணிக்கு போர் தண்ணீரில் கழுவல், கன்னைக் கழற்றிவிட்டு அலசல், கடைசியாக ஏசித் தண்ணீர் ஆறு லிட்டர் கூரையிலிருந்து. கேன் தண்ணீரும் யோசித்தேன், 2019 கோடையில் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஞாபகம் வந்தது, குடிக்கிற தண்ணீரைக் கார் மேல் ஊற்ற மனசு வரவில்லை. நேற்று கழுவியதில் புதிதாக ஒரு திட்டு கூட இல்லை, நானே டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பழைய திட்டுக்கு வினிகர் போட்டேன். பானெட்டிலும் டிக்கியிலும் முக்கால்வாசி முதல் தடவையிலேயே போனது. மீதியில் பாதி இரண்டாம் தடவை. பானெட் நடுவில் சில வட்டம் வழவழவென்று இருந்தும் தெரிகிறது, மெருகுக்கடை சார் சொன்னபடி அரித்துவிட்டது போல. வெயிலில் சாய்வாகப் பார்த்தால் மட்டும்தான் தெரிகிறது, அதற்காக இப்போதைக்கு மெஷின் போடவில்லை. செராமிக்கும் இல்லை.

கூரை விஷயத்தில் சோதனைக்குழாய் சார் நேரில் வந்து பார்த்த மாதிரி சொல்லிவிட்டார். கார் நிற்கிற இடத்துக்கு மேலே தளத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் குச்சி மாதிரி தொங்குகிறது, அதற்கு நேர் கீழேதான் அந்த வரிசை. வினிகருக்கு மேல்தோடு கரைந்தது, கீழே பள்ளம் இருக்கிறது, நகம் மாட்டுகிறது. முதல் மாடிக்காரரிடம் பேசினேன், எங்கள் பாத்ரூமில் கசிவே இல்லை என்கிறார். சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை காரை ஓரமாகத் தள்ளி, தூணுக்கு ஒட்டி நிறுத்துகிறேன், கதவைப் பாதிதான் திறக்க முடிகிறது.


மெருகுக்கடை:

நகம் மாட்டுகிறது என்றால் பாலிஷில் முழுசாக வராது, ஆழம் அதிகம். யாராவது முழுசாக எடுத்துத் தருகிறேன் என்றால் கிளியர் கோட்டையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கூரை யார் கண்ணுக்கும் தெரியாத இடம், விளிம்பை மட்டும் லேசாக மழுக்கிவிட்டு விடுங்கள். கசிவைச் சரிசெய்யாமல் கூரைக்குப் புது பெயின்ட் அடிக்க வேண்டாம்.


ஞாயிறு_வாளி:

ஏசித் தண்ணீர் பிடிக்கிற வாளிக்கு மூடி போடுங்கள் நண்பரே. நான் ஒரு தடவை மறந்து நாலு நாள் விட்டு, மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்த அம்மாவிடம் தெருவே பார்க்க வாங்கிக் கட்டிக்கொண்டேன்.